காற்று விழுந்த மத்தியானம்

கடலுக்குள் முங்கிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இப்போது முதலில் கைப்பேசியைத்தான் நீட்டுகிறார்கள். ஆமை எத்தனை, திருக்கை எத்தனை என்று கணக்கு வேறு. என் தங்கையின் பேத்தி வெளிநாட்டில் படிக்கிறாள். மாணவர்களே பாய் ஏற்றி, சுக்கான் பிடித்து, முறை போட்டுச் சமைத்து, வழியில் முக்குளிக்கவும் கற்றுக்கொண்டு தீவு தீவாகப் போகிற பயணம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். அமெரிக்காவில் 1971-லிருந்தே கல்லூரிப் பிள்ளைகளைப் பாய்மரக் கப்பலில் ஏற்றிக் கடலைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் கடற்படையிலும் ‘தரங்கிணி’, ‘சுதர்ஷினி’ என்று பயிற்சிக்கென்றே பாய்மரக் கப்பல்கள் இருக்கின்றன. “உங்க காலத்துல இதெல்லாம் ஏது தாத்தா?” என்று கேட்டாள். இருந்தது என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. விலங்கியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தோம். மண்டபத்தில் கடலில் இறங்கி, மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டியபடியே தூத்துக்குடி போய்ச் சேருவது திட்டம். பாய்மர வள்ளத்தில் போனதற்கு அழகான காரணம் எதுவும் கிடையாது. மோட்டார் படகுக்கு ஆகிற டீசல் செலவைக் கல்லூரி தராது. ராமநாதபுரம் பக்கம் சங்கு குளிக்க வந்திருந்த தூத்துக்குடி வள்ளம் ஒன்று ஊர் திரும்ப இருந்தது. எங்கள் பேராசிரியர் பேசி முடித்துவிட்டார். வாடைக் காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளும், சீக்கிரம் போய்விடலாம் என்று அவருக்குக் கணக்கு. எந்த நாள் எந்தத் தீவு, எந்தத் தீவில் என்னென்ன பிராணி என்று தட்டச்சு செய்து ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார். அந்தத் தாளை நான் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அந்த வயதில் எனக்குத் தாளின்மேல் அவ்வளவு பக்தி.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள். 1986-இல்தான் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். இன்றைக்கு அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. அன்று யாரும் இறங்கலாம், கஞ்சி காய்ச்சலாம், மணலில் படுத்துத் தூங்கலாம்.

முதலில் குருசடைத் தீவு. எங்களுக்கு அங்கே ஒரே ஒரு பிராணிதான் முக்கியம்: பலனோகிளாசஸ். முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவில் நிற்கிற ஒரு மணல் புழு. படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியிருந்தோமே தவிர, ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. ஆழமில்லாத தண்ணீரில் மணல்மேல் சுருள் சுருளாகக் கழிவு கிடக்கும். அதன் அடியில் ஆள் இருப்பார். தோண்டும்போதே அயோடோபார்ம் நெடி மூக்கில் ஏறும். தலையைக் கண்டதும் பிடித்து இழுத்தோம். கையில் வந்தது பாதிதான். அடுத்தவன் இழுத்தான், அவனுக்கும் பாதி. அந்த உடம்பு அவ்வளவு மெது; இழுப்பைத் தாங்காது. அங்கே ஆராய்ச்சி நிலையத்து உதவியாளர் ஒருவர் வெகுநேரம் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து, கழிவு கிடந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி மண்வெட்டியைப் போட்டு, அந்த மண் கட்டியை அப்படியே அள்ளித் தட்டில் வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் தண்ணீரை ஊற்றிக் கரைத்தார். புழு முழுசாக வந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை மனுஷன். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

வள்ளத்துக்காரரை நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். ஐம்பதைத் தாண்டிய ஆள். 1961-இல் தூத்துக்குடிக் கடலில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் முங்கியவர். அதற்குப் பிறகு அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்தவே இல்லை. சிப்பி இல்லை, அவ்வளவுதான் காரணம். சங்குதான் அவருக்குச் சோறு. நம் கடல் சங்கெல்லாம் வங்காளத்துக்குப் போகும். அங்கே கல்யாணமான பெண்களுக்கு வளையலாக அறுப்பார்கள். முங்குவதற்கு முன்னால் அண்ணாச்சி “மாதாவே” என்று ஒரு சிலுவை போடுவார். கைகளை விரித்த நீளம் ஒரு பாகம்; அப்படி எட்டு பாகம், பத்து பாகம் ஆழத்துக்கு வெறும் மூச்சிலேயே போய் வருவார். நாங்கள் ரப்பர் விளிம்பு வைத்த முகக் கண்ணாடியைப் புதிதாக வாங்கிக்கொண்டு போயிருந்தோம். இரண்டு பாகம் இறங்குவதற்குள் காது வலித்து மேலே வந்துவிட்டோம்.

“மூக்கப் புடிச்சிக்கிட்டு மெதுவா ஊதுங்க தம்பி. வலிக்கதுக்கு முன்னாலயே ஊதணும். வலிச்ச பெறவு ஊதி என்ன செய்ய?” என்றார்.

பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, நெஞ்சிலிருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். பாயில் விதியாக அதைப் பரீட்சையில் எழுதிவிட்டுத்தான் நாங்கள் போயிருந்தோம். ஆனால் வலிக்குமுன் ஊதவேண்டும் என்பது விதியில் இல்லை. எங்களில் நீச்சல் வீரன் ஒருவன் இருந்தான். வேகவேகமாக இருபது முப்பது தரம் மூச்சை இழுத்து விட்டுவிட்டு முங்கினால் கூடுதல் நேரம் கீழே இருக்கலாம் என்று கண்டுபிடித்து எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தான். அண்ணாச்சி கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். “லே, ஏறு மேல!” என்றார். ‘தம்பி’ போய் ‘லே’ வந்துவிட்டது. அவருடன் முங்கிய ஒரு பையன் அப்படிச் செய்து, சிரித்த முகமாகவே மேலே வருகிற வழியில் மயங்கிப் போய்விட்டானாம், எடுக்க முடியவில்லை. உயிர்க்காற்று தீர்ந்துவிட்டது என்று நம்மை உந்துவது ஆக்சிஜன் குறைவு அல்ல, கரியமில வாயு சேர்வது. வேகமாக மூச்சு விட்டு அந்த வாயுவைத் துரத்திவிட்டால் மூச்சு முட்டுகிற உணர்ச்சியே வராது. ஆக்சிஜன் மட்டும் தீர்ந்துகொண்டே இருக்கும். இந்த விளக்கத்தைப் பின்னால் புத்தகத்தில் படித்தேன். “மூச்சு முட்டுதுன்னு ஒடம்பு சொல்லும். அது வாயப் பொத்தாதீங்க” என்பது அண்ணாச்சியின் விளக்கம். பின்னாளில் முக்குளிக்க ஆசைப்பட்ட என் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொன்னேன்.

முயல் தீவை ஒட்டிய கடலில்தான் நாங்கள் ஓரளவு உருப்படியாக முங்கினோம். தலை தண்ணீருக்குள் போனதும் முதலில் தெரிந்தது காட்சி இல்லை, சத்தம். எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி நாலா பக்கமும் சடசடவென்று ஒரே பொரிச்சல். பவளப்பாறை இடுக்குகளில் இருக்கிற சின்ன இறால் வகை ஒன்று கொடுக்கைச் சொடுக்குகிறது. அந்த வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிற சத்தம் அது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில் ஒலிக்குக் காற்றில் உள்ளதைவிட நாலு மடங்கு வேகம். நம் இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். ஐந்தாறு மீட்டருக்குக் கீழே சிவப்பு நிறமும் செத்துவிடும். மேலே வந்ததும் ஆளாளுக்கு அளப்பு. ஒருவன் பார்த்த பாறை மீன் முழங்கை நீளம், இன்னொருவன் பார்த்த ஊளி ஆள் உயரம்.

அண்ணாச்சி பீடியைப் பற்ற வைத்தபடி, “கண்ணாடி போட்டுப் பாத்தா எதுவும் பெருசாத்தான் தெரியும். கால் பங்கக் கழிச்சிட்டுச் சொல்லுங்க” என்றார். பேராசிரியர் உடனே ஒளிவிலகல் கணக்குப் போட்டுக் காட்டினார். முகக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறபோது பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கால் பங்கு கழித்தால் சரியான அளவு வந்துவிடும். படிக்காத மனுஷன் தசமப் புள்ளி பிசகாமல் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து யாராவது தன் சாதனையைச் சொன்னால் மனசுக்குள் கால் பங்கைக் கழித்துக்கொள்கிறேன். நீங்களும் இந்தக் கட்டுரைக்கு அப்படியே செய்யலாம்.

அந்த இடத்தில் கடல் புல் விரிந்து கிடந்தது. புல்லை மேய்ந்துகொண்டிருந்த பேராமை ஒன்றைப் பார்த்துவிட்டோம். நீச்சல் வீரன் விடுவானா, துரத்தினான். ஆமை இரண்டு தட்டுத் தட்டியது, போயே போய்விட்டது. கரையில் ஆமையைப் பார்த்துவிட்டு அதை மந்தம் என்று கதை கட்டியவர்கள் கடலில் பார்த்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் அண்ணாச்சி எங்களைப் புல்லுக்கு நடுவே கொண்டுபோய் மிதக்கவிட்டார். கை கால் ஆட்டக்கூடாது, ஆமை இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பக்கூடாது, முக்கியமாக அதற்கு மேலே நிற்கக்கூடாது. “அது மூச்சு வாங்க மேல வரணும்லா? வழிய விடுங்க.” ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான் என்பதும் நாங்கள் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம். சும்மா படுத்திருந்தால் மணிக்கணக்கில் தாங்குகிற மூச்சு, துரத்தினால் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். வலையில் மாட்டுகிற ஆமைகள் சாவது அப்படித்தான். நாங்கள் மிதந்துகொண்டே இருந்தோம். குளிர் எடுத்தது. தோலில் சொறிமீன் பட்டு அரித்தது. வெகுநேரம் கழித்து ஓர் ஆமை எங்கள் நடுவிலேயே மேலேறி வந்து, தலையை நீட்டி ஒரு மூச்சு வாங்கிவிட்டு, நிதானமாகக் கீழே போய்ப் புல்லைக் கடித்தது. ஓட்டில் ஒட்டியிருந்த கொட்டலசுகளைக்கூட எண்ணியிருக்கலாம். யாரும் எண்ணவில்லை.

சாயங்காலம் ஆனால் எங்களுக்கு வேறு வேலை. அன்றன்று சேகரித்ததைப் பார்மலின் பாட்டிலில் போடவேண்டும். சின்ன நட்சத்திர மீன், சின்ன அட்டை, சின்ன நண்டு, பவளக் கிளை நுனி. எல்லா விலங்கியல் துறைகளும் அப்போது அப்படித்தான் செய்தன. அதே நேரத்தில் அண்ணாச்சியும் தன் சங்குகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரும்பு வளையம் ஒன்று வைத்திருந்தார். அதில் நுழைந்து விழுகிற சங்கு வளராத சங்கு. அரசாங்க விதிப்படி உயிரோடு திரும்பக் கடலில் போட்டுவிட வேண்டும். பெரும்பாலும் கண்ணாலேயே அளந்துவிடுவார். சந்தேகம் வந்தால்தான் வளையம். கேட்க ஆளில்லாத நடுக்கடலிலும் வளையத்தில் போட்டுப் பார்த்து எறிவார். ஒருநாள் எங்கள் பாட்டில்களை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நாங்க சின்னதத் திருப்பிப் போடுதோம். நீங்க படிச்ச பிள்ளைய, சின்னதாத்தான் தேடிப் புடிக்கிய.”

“பாட்டிலுக்குள்ள அடங்கணுமே அண்ணாச்சி” என்றான் எங்களில் ஒருவன்.

“அதுவுஞ் சரிதான்” என்றார். கிண்டலா, ஒப்புதலா என்று கடைசிவரை தெரியவில்லை.

வாலிநோக்கத்துக்கு நேரே போய்க்கொண்டிருந்தபோது காற்று விழுந்தது. பாய் துவண்டு மரத்தோடு ஒட்டிக்கொண்டது. நங்கூரத்தை இறக்கிவிட்டு அண்ணாச்சியின் ஆட்கள் பாய் நிழலில் படுத்துவிட்டார்கள். கடல் அசையவே இல்லை. எங்கள் தாளின்படி அன்றைக்கு நாங்கள் வேறொரு தீவில் கடல் அட்டை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், வானத்தைப் பார்ப்பதும், அண்ணாச்சியைப் பார்ப்பதுமாக இருந்தார். “துடுப்பு போடலாமா?” என்று கேட்டார். “போடலாம். சாயங்காலம் காத்து வந்து அம்புட்டையும் ஒரு மணி நேரத்துல ஓடிரும். கை வலி மட்டும் ஒங்களுக்கு மிச்சம்” என்று பதில் வந்தது. சீட்டு ஆடினோம். சலித்துப் போய் அதையும் நிறுத்தினோம். பேச்சும் அடங்கிவிட்டது.

அப்போதுதான் பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணாச்சி படுத்த இடத்திலிருந்தே விரலை உதட்டில் வைத்தார். “ஆவுளியா.”

கடற்பசு. வள்ளத்திலிருந்து கல் எறி தூரம்கூட இல்லை. தண்ணீர் மட்டத்தில் இரண்டு மூக்குத் துவாரங்கள் திறந்தன, மூடின. சாம்பலும் பழுப்புமாக ஒரு முதுகு உருண்டது. ஓங்கிலுக்கு இருப்பதைப் போல முதுகுத் துடுப்பு இல்லை. வால் லேசாக எழுந்து மறைந்தது. அது இறங்கிய இடத்தில் கொஞ்ச நேரத்தில் கலங்கல் கிளம்பியது. அடியில் புல்லை வேரோடு மேய்கிறது. நாங்கள் எண்ணிக்கொண்டு காத்திருந்தோம். இரண்டு மூன்று நிமிஷத்தில் மறுபடி அதே பெருமூச்சு. மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு ஜோடியைத் தொட்டியில் பல ஆண்டுகள் வளர்த்து எழுதியதைப் பேராசிரியர் வகுப்பில் வாய் மணக்கச் சொல்லியிருந்தார். அப்பேர்ப்பட்டவருக்கு இது எதிரில் வந்து நின்றால் எப்படி இருக்கும்! எழுந்து நின்று அதன் அறிவியல் பெயரைச் சத்தமாகச் சொன்னார். சொன்ன வேகத்தில் மடியிலிருந்த தகரப் பெட்டி பலகையில் விழுந்தது. தண்ணீருக்குள் அந்தச் சத்தம் எப்படிப் போயிருக்கும் என்பது, கடுகு வெடிப்பைக் கேட்ட எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கடல் வெறும் கடல்தான்.

பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிற தைரியமும் இல்லை. அண்ணாச்சி மட்டும் எழுந்து போய், அவருக்கு ஒரு தம்ளரில் கருப்பட்டிக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். “காத்து இன்னும் வரலிய சார். நாம எங்கயும் போகல, அதுவும் எங்கயும் போகாது. இருங்க” என்றார். நான் பிற்பாடு ஆசிரியர் வேலைக்குப் போய்ப் பலரைத் திருத்தியிருக்கிறேன். அந்தக் காப்பி அளவுக்கு நயமாக ஒருவரையும் திருத்தவில்லை.

வெயில் சாய்கிற வேளையில் மறுபடி வந்தது. கொஞ்சம் தள்ளி வந்தது. இந்தத் தடவை பக்கத்தில் இன்னொரு சின்ன முதுகும் இருந்தது. பெரியது ஒரு மூச்சு, ஒட்டினாற்போல் சின்னது ஒரு மூச்சு. பேராசிரியர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யானைக்கு உறவுக்கார இனம் இது. பதின்மூன்று பதினான்கு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்குச் சில வருஷம் ஆகும். எழுபது வயது வரைகூட வாழும். இவ்வளவு மெதுவாகப் பெருகுகிற பிராணியைக் கீழக்கரைப் பக்கம் கறிக்காக அறுத்து விற்றார்கள். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. “நீங்க சாப்பிட்டிருக்கியளா?” என்று அண்ணாச்சியைக் கேட்டேன். “சாப்பிட்டிருக்கேன். ருசியாத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “குட்டியோட பாத்த பெறவு எறங்கல” என்றும் சொன்னார். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக 2022-இல் தமிழக அரசு அறிவித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தப் பதில்தான்.

மோட்டார் படகில் போயிருந்தால் அந்த இடத்தை ஐந்து நிமிஷத்தில் கடந்திருப்போம். ஆவுளியா நாங்கள் வருவதற்கு முன்பே சத்தம் கேட்டு விலகியிருக்கும். தாளில் போட்டபடி அட்டைகளை எண்ணி முடித்து, திட்டம் நிறைவேறியது என்று கையெழுத்துப் போட்டிருப்போம். ஒன்றும் நடக்காத அந்த மத்தியானத்துக்கு எங்கள் தாளில் இடமே இருந்ததில்லை. அது பொறுமையால் கிடைத்தது என்றுகூடச் சொல்லமாட்டேன். எங்களில் யாருக்கும் பொறுமை இல்லை, காற்றுத்தான் இல்லை. பொறுமை பாதி நேரம் அப்படித்தான் வருகிறது: வேறு வழி இல்லாமல். வந்த பிறகு அதை வைத்துக்கொள்வது மட்டுமே நம் சாமர்த்தியம்.

காற்று வந்தது. அண்ணாச்சி சொன்னபடியே விட்ட தூரத்தையெல்லாம் பிடித்துவிட்டோம். தூத்துக்குடியை நெருங்கும்போது பார்த்தது வேறு மாதிரி. பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து ஏற்றிக்கொண்டு வள்ளங்கள் அடுத்தடுத்துக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தன. சுண்ணாம்புக்கு, ஆலைக்கு, அஸ்திவாரத்துக்கு. எங்களுக்கு அது கண்ணை உறுத்தவில்லை. கல் எடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம். பவளம் கல் அல்ல, உயிர் என்று நாங்களே பரீட்சையில் எழுதியிருந்தோம். தூரத்தில் ஒரு திட்டைக் காட்டி, “அந்தால இருக்கது விலாங்குசல்லி. நான் சின்னப் பையனா இருக்கையில இன்னும் பெருசு” என்றார் அண்ணாச்சி. அலையைத் தடுக்கிற பாறையைப் பெயர்த்துவிட்டால் பின்னால் இருக்கிற மணல் தீவு எப்படி நிற்கும்? அவருக்கு அது தெரிந்திருந்தது. 2000-களின் நடுப்பகுதி வரை பெயர்ப்பது நின்றபாடில்லை.

இன்று அந்த விலாங்குசல்லி கடலுக்கு மேலே இல்லை. பூவரசன்பட்டித் தீவும் இல்லை. 1969-இல் 20 ஹெக்டேர் இருந்த காரைச்சல்லி 2018-இல் 6 ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. அதைக் காப்பாற்ற இப்போது கான்கிரீட்டில் செயற்கைப் பாறை செய்து கடலுக்குள் இறக்குகிறார்கள். எடுத்ததைத் திருப்பிப் போட எவ்வளவு செலவாகிறது பாருங்கள்.

ராமேஸ்வரத்துக்கோ கன்னியாகுமரிக்கோ போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடற்கரைக் கடைகளில் யாராவது மேசைக்குக் கீழேயிருந்து வெள்ளைப் பவளத் துண்டை எடுத்துக் காட்டினால் வாங்காதீர்கள், குழந்தை அழுதாலும். 2001 முதல் பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் சட்டப்படி காக்கப்பட்டவை. விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.